ரங்காஜியின் தொட்டியில் பெருங்காயம்

பீகானேர் ரயில் நிலையத்தில் நான்காம் எண் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஜேட்மல் ரங்கா, வேலை நேரத்தில் கவுண்டரை இழுத்து மூடியது வாழ்க்கையில் இரண்டே முறை. முதல் முறை, மகள் சரிதா பிறந்தபோது. இரண்டாம் முறை, போன ஜூன் மாதத்து வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மேற்கே வானம் கறுத்தபோது. மகள் பிறந்த அன்று வரிசையில் நின்றவர்களிடம் "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

வரிசையில் நின்ற பதினேழு பேரில் ஒருவரும் கோபப்படவில்லை. ஆறு பேர் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ரங்காஜிக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி. குரல் மட்டும் நடைமேடை அறிவிப்புபோல நாலு தெருவுக்குக் கேட்கும். அவர் வீட்டு முற்றத்துக்கு அடியில், அவருடைய கொள்ளுத்தாத்தா வெட்டிய மழைநீர்த் தொட்டி இருக்கிறது. அதற்குச் செம்பு மூடி. மூடிக்குப் பூட்டு. பூட்டின் சாவி ரங்காஜியின் பூணூலில். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. மனைவி கவராவின் நகைப்பெட்டிச் சாவி சமையலறை ஆணியில் எல்லோரும் பார்க்கத் தொங்குகிறது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

குளிப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெரிய தாம்பாளத்தின் மேல் பலகை போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு, ஒரு சிறிய வாளித் தண்ணீரில் குளிப்பார். தாம்பாளத்தில் விழும் தண்ணீர் தரை துடைக்கப் போகும். தரை துடைத்த தண்ணீர் வாசல் வேப்பமரத்துக்குப் போகும். "என்னைக் குளிப்பாட்டின தண்ணிதான் இந்த நிழல்" என்று மரத்தடியில் நிற்பவர்களிடம் சொல்வார். அதற்குப் பிறகு யாரும் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை.

தண்ணீரைச் சுவைத்தே எந்த வீட்டுத் தொட்டி என்று சொல்லிவிடுவார். இதற்கு ஊரில் சாட்சி உண்டு. ஒருமுறை கண்ணைக் கட்டி ஐந்து டம்ளர் கொடுத்தார்கள். ஐந்தையும் சரியாகச் சொல்லி, நான்காவது வீட்டுக்காரரிடம், "உங்க மாடியில தென்கிழக்கு மூலையில விரிசல் இருக்கு, பாருங்க" என்றும் சொன்னார். இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். கொடுத்த தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சம்மதம்" என்றாராம்.

"என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல" என்பாள் கவரா. "சொம்பைத்தான் பார்த்தாரு. சொம்பு மட்டும் தனியா நடந்து வந்திருந்தா அதுக்கே மாலையைப் போட்டிருப்பாரு."

அவருடைய பெருமையெல்லாம் மொட்டை மாடிதான். அட்சய திருதியைக்குப் பட்டம் விட்டு முடிந்ததும் மாடியைக் கழுவாமல் பெருக்கி, சுண்ணாம்பு அடித்து, கதவைச் சாத்திவிடுவார். அதன் பிறகு மழைக்காலம் முடியும்வரை அங்கே ஒரு கால் படக்கூடாது. பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் கோத்துப் புறாக்களை விரட்டுவார். அந்தப் புறாக்களெல்லாம் எதிர்வீட்டுச் சிவரதன் போராவின் மாடியில் போய் உட்காரும். அதனால் போரா வீட்டுத் தண்ணீரில் புறா வாடை என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறார்.

"உங்க புறாதான் ரங்காஜி, என் மாடிக்கு வருது!"

"நம்ம வீட்டுல இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. உங்க வீட்டுக்கு வந்துதான் கெட்டுப்போச்சு."

இருவரும் தினமும் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள். ரங்காஜி தன் வீட்டிலிருந்து பால் எடுத்துக்கொண்டு போய், தண்ணீரே விடாமல் பாலிலேயே டீ போடச் சொல்வார். தண்ணீரை டீயில் மறைத்துவிடலாம் என்று போரா நினைக்கக்கூடாது என்பதற்காக.

நகரத்திலேயே மிகச் சுத்தமான மாடி அது. அதில்தான் தொல்லையே. சுத்தமான மாடி, சுள்ளென்ற வெயில், வீட்டுக்காரர் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்துவரை கவுண்டரில். அப்பளம் காயவைக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? மழைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் வருடத்துக்கு வேண்டிய அப்பளம் இட்டாக வேண்டும். கவராவும், போராவின் மனைவி துர்காவும், தெருவின் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்களும் பதினோரு வருடமாக அந்த மாடியில்தான் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்குக் கட்டிலும் துணியும் விரியும். நான்கு மணிக்கு எல்லாம் சுருட்டப்படும். நாலே கால் மணிக்கு ஒரு பொருக்குகூட இல்லாமல் பெருக்கப்படும். ரங்காஜி மாலையில் மாடிக்கதவை முகர்ந்து பார்த்து, "நம்ம மாடிக்குன்னு ஒரு தனி வாசனை இருக்கு" என்று பெருமைப்படுவார். கவரா, "ஆமாங்க" என்பாள்.

அந்த ஜூன் மாதம் ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் கால்வாயைப் பழுது பார்க்க மூடியிருந்தார்கள். குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் கலங்கலாக. ரங்காஜியின் தொட்டியோ மே மாதமே துடைத்துச் சுண்ணாம்பு பூசி, மழைக்காகக் காத்திருந்தது. போன வருட மழைத்தண்ணீரில் ஒரு பெரிய பானை மட்டும் ஈரத்துணி சுற்றி மூலையில் இருந்தது. அது வெள்ளிக்கிழமைக்கு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பலோதியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

சரிதாவுக்கும் பலோதிப் பையன் நவ்ரதனுக்கும் ஒரு கல்யாணத்தில் பழக்கம். எட்டு மாதமாகப் போன் ஓய்ந்ததில்லை. பையன் மின்வாரியத்தில் இருக்கிறான். பையனுக்குச் சம்மதம், பெண்ணுக்கு உயிர், அம்மாக்களுக்குத் திருப்தி. மிச்சம் இருந்தது பையனின் அப்பா கேவல்சந்த் புரோஹித் மட்டும். உப்பு வியாபாரி. நாள் முழுக்க உப்புக்குள் நிற்கும் மனிதர், நல்ல தண்ணீர் என்றால் உயிரை விடுவார். "ஒரு வீட்டு லட்சணம் தண்ணியில தெரிஞ்சிடும். குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

இதைக் கேட்டு ரங்காஜி இரண்டு நாள் சிரித்துக்கொண்டே இருந்தார். பரீட்சையில் தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தைக் கேட்கிறார்களே என்ற சிரிப்பு.

வியாழக்கிழமை மதியம் கவராவும் துர்காவும் சம்பந்திக்கு இனிப்பும் சேலையும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். போகும்போது சரிதாவிடம், "நாலு மணிக்கு மாடியில எல்லாத்தையும் எடுத்திடு. வானம் இருட்டினா உடனே எடுத்திடு" என்று கவரா சொன்னாள். சரிதா தலையாட்டினாள். காதில் போன் இருந்தது.

மூன்று மணிக்குப் புழுதிக்காற்று. மூன்றே கால் மணிக்கு மழை. உள்ளறையில் சரிதா ஜன்னலைச் சாத்தினாள். "ஐயோ, இங்க மழை!" என்றாள். "இங்கயும் மழை!" என்றான் நவ்ரதன், நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளி. ஒரே மேகத்தின் கீழே பேசுகிறோம் என்பதில் இருவருக்கும் ஆனந்தம். அதைப் பற்றி மேலும் இருபது நிமிடம் பேசினார்கள்.

ரங்காஜி நனைந்துகொண்டே ஓடிவந்தார். செருப்பைத் தெருவிலேயே உதறினார். மாடியிலிருந்து வரும் குழாய் முற்றத்தில் ஒரு கல்தொட்டியில் விழும். அதில் இரண்டு ஓட்டை. ஒன்று தெருவுக்கு, இன்னொன்று நிலத்தடித் தொட்டிக்கு. தொட்டி ஓட்டையில் எப்போதும் துணி சுற்றிய தக்கை இருக்கும். முதலில் வரும் தண்ணீர் மாடியைக் கழுவிக்கொண்டு தெருவுக்குப் போகவேண்டும். பிறகு தக்கையைப் பிடுங்கித் தெரு ஓட்டையில் அடைக்கவேண்டும். எவ்வளவு நேரம் விடுவது என்பதற்கு ரங்காஜி ஒரு கணக்கு வைத்திருந்தார். ஜோத்பூர் மார்க்கத்து நிலையங்களை நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருவார். மேட்தா ரோடு வந்தால் தக்கையை எடுக்கலாம். பிறகு ஒரு கை ஏந்திச் சுவைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

அன்று எல்லாமே அவசரம். கால்வாய் மூடல், காலித்தொட்டி, நாளைக்குச் சம்பந்தி. மழை எந்த நிமிடமும் நின்றுவிடும்போல இருந்தது. "உத்ராம்சர், பலானா, தேஷ்னோக், சூர்புரா, நோகா..." நோகாவிலேயே தக்கையைப் பிடுங்கிவிட்டார். பாதி வழியில் ரயிலை நிறுத்தியதுபோல மனம் உறுத்தியது. சுவைக்கலாம் என்றால், கவுண்டரில் தின்ற மிளகாய்க் கச்சோரி நாக்கில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மாடியைப் போய்ப் பார்க்கலாம் என்ற யோசனையே வரவில்லை. ஒரு மாதமாகக் கால் படாத மாடியில் பார்க்க என்ன இருக்கிறது?

பெருங்காய வாசனை வந்தது. யார் வீட்டிலோ தாளிக்கிறார்கள் என்று நினைத்தார்.

திடீரென்று தண்ணீர் மெலிந்தது. குழாய்க்குள் ஏதோ அடைத்துக்கொண்டு, 'புளக், புளக்' என்றது. ரங்காஜி மூங்கில் கழியை எடுத்துக் கீழிருந்து குத்தினார். பலமாக, ஆத்திரமாக, கொள்ளுத்தாத்தாவை நினைத்துக்கொண்டு குத்தினார். வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு பெரிய கட்டி விழுந்து, சுழன்று, தொட்டிக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு வரிசையாக.

"சுண்ணாம்பு பெயர்ந்து வருது" என்று சத்தமாகத் தனக்கே சொல்லிக்கொண்டார். "சுண்ணாம்பு தண்ணிக்கு நல்லதுதான்." மிச்சம் இருந்ததையும் கழியால் தள்ளிவிட்டார்.

மழை நின்றபோது தொட்டியில் முழங்காலளவு தண்ணீர். ஜூன் மாதத்தில்! ரங்காஜிக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் போன வருடத் தண்ணீர் எதற்கு? ஈரத்துணி சுற்றிய அந்தப் பானையைத் தூக்கினார். பலகையைத் தள்ளினார், தாம்பாளத்தைத் தள்ளினார், முற்றத்தின் நடுவில் போய் நின்றார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக நின்றுகொண்டே குளித்தார். கடைசிச் சொட்டுவரை.

ஈரத்தலையோடு வேறு வேட்டி கட்டி, வெள்ளி டம்ளரில் புதுத்தண்ணீர் மொண்டு, தெய்வத்துக்குக் காட்டிவிட்டு ஒரு மடக்குக் குடித்தார்.

அவர் முகம் ரயில் ரத்தானதைப் பலகையில் பார்த்த பயணியின் முகமாக மாறியது. இன்னொரு மடக்கு குடித்தார். ரசம். உப்புக் குறைவாக, ஆறிப்போன ரசம்.

அதே நேரம் கவரா தெருவாசலில் நுழைந்தாள். பைகளை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். கையில் ஒரு வெறும் ஈரத்துணியோடு இறங்கி வந்தாள்.

"அப்பளம் எங்கே?"

"எந்த அப்பளம்?"

"மாடியில இருந்த அப்பளம்."

"என் மாடியிலயா? என் மாடியில அப்பளமா? காக்காகூட என்கிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் அங்க உக்காரும்!"

"பதினோரு வருஷமா காயுதுங்க."

ரங்காஜி தொட்டி மூடியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, "செருப்போடவா?"

"வெறுங்காலோடதான். காலைக் கழுவிட்டுத்தான் ஏறுவோம்."

"எந்தத் தண்ணியில கழுவினீங்க?"

கவரா கையிலிருந்த ஈரத்துணியை மடிக்க ஆரம்பித்தாள். சரிதா கதவோரம் வந்து நின்றாள். போன் இப்போது கையில் இல்லை.

"மொத்தம் எவ்வளவு?" என்றார் ரங்காஜி.

"நாலு வீட்டு அப்பளம். முப்பத்திரண்டு கிலோ. வடகம் தனி."

"சுண்ணாம்புன்னு நினைச்சேன்" என்றார். "நானே குத்தித் தள்ளினேன்." பிறகு மெல்ல, "பானைத் தண்ணியில குளிச்சுட்டேன்" என்றார்.

"மொத்தமுமா?"

"நின்னுக்கிட்டு."

கவராவும் உட்கார்ந்துவிட்டாள். நாளை பத்து மணிக்குக் கேவல்சந்த் வந்து, வீட்டின் லட்சணத்தைக் குடித்துப் பார்ப்பார். லட்சணம் பெருங்காயம் போட்டுத் தொட்டியில் கிடந்தது. சரிதா அழ ஆரம்பித்தாள்.

"யாருக்கும் தெரியக்கூடாது" என்றார் ரங்காஜி, தாழ்ந்த குரலில். அவருடைய தாழ்ந்த குரல் இரண்டு தெருவுக்குத்தான் கேட்கும். எதிர்மாடியிலிருந்து உடனே துர்காவின் குரல் வந்தது. "கவரா! என் அப்பளத்தை எடுத்து வச்சியா?"

காலையில் எட்டு மணிக்குக் கவரா கணவனிடம், "தண்ணி ஏற்பாடு ஆயாச்சு. நீங்க வாயை மட்டும் திறக்காதீங்க" என்றாள். எங்கிருந்து என்று அவர் கேட்டார். "கேக்கிறதுக்கும் வாயைத் திறக்கணும்" என்றாள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கொல்லைப்புறச் சுவர் வழியாக இரண்டு குடம் இந்தப் பக்கம் இறங்கியிருந்தது. பின்சந்து வழியாகச் சுற்றி வந்து இறக்கியவள் துர்கா. அவள் கணவர் போராவுக்கு அது தெரியாது.

"என் அப்பளம் உன் தொட்டியில, உன் மானம் என் தொட்டியில" என்று துர்கா சொன்னாளாம். "ரெண்டும் ஊறட்டும் போ."

பத்து மணிக்குக் கேவல்சந்த் வந்தார். பெரிய மீசை, பெரிய தலைப்பாகை. பின்னால் முக்காட்டுக்குள் அவர் மனைவி. அவள் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நவ்ரதன், அப்பாவின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். எதிர்வீட்டுப் பெரியவர் என்ற முறையில் போராவும் கூடத்தில் இருந்தார். கேவல்சந்த் வந்ததிலிருந்தே கொஞ்சம் கடுகடுவென்று இருந்தார். வழியில் என்ன நடந்ததோ என்று நினைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் வந்தது. நால்வருக்கும் நாலு வெள்ளி டம்ளர்.

கேவல்சந்த் உதட்டில் படாமல் உயர்த்தி ஊற்றினார். வாயில் வைத்துப் புரட்டினார். கண்ணை மூடினார். கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. கதவுக்குப் பின்னால் சரிதாவின் வளையல் அசையவே இல்லை.

"ஆஹா" என்றார் கேவல்சந்த். "இதுதான்யா தண்ணி! உங்களைப் பத்தி ஊரே சொன்னது பொய்யில்ல ரங்காஜி."

ரங்காஜி நிம்மதியோடு தன் டம்ளரை உயர்த்தி ஒரு மடக்கு குடித்தார்.

புறா.

நிமிர்ந்தார். எதிரே போரா, டம்ளரும் கையுமாக உறைந்துபோயிருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஐம்பது வருடமாகக் குடிக்கும் தண்ணீர் ஒருவனுக்குத் தெரியாமல் இருக்குமா? போராவின் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு, காது முதல் காதுவரை, மெதுவாக விரிந்தது.

"ரங்காஜி, நீங்க நாக்குக்காரர்" என்றார் போரா, தேன் சொட்ட. "சம்பந்தி முன்னாடி நீங்களே சொல்லுங்க. தண்ணி எப்படி?"

ரங்காஜி வாயை மூடிக்கொண்டார். மூடியே வைத்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் இருக்கை இருக்கும்போதே இல்லை என்று சொல்ல முடிந்த மனிதருக்கு, தண்ணீர் விஷயத்தில் மட்டும் பொய் வராது.

"நல்லாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தார். "ஆனா... லேசா ஒரு... புறா வாடை."

"புறாவா?" என்றார் கேவல்சந்த்.

"எந்தப் புறா?" போராவின் சிரிப்பு போய்விட்டது. "புறாவும் இல்ல, ஒரு இறகும் இல்ல! சம்பந்தி, நீங்க நம்பாதீங்க. இந்த மாதிரி தண்ணி இந்த ஊர்லயே கிடையாது."

"பின்வாசனையா வருது" என்றார் ரங்காஜி. "தொண்டைக்குக் கீழ இறங்கினப்புறம்."

"அபாண்டம்! இருபது வருஷமா இதே அபாண்டம்!"

கேவல்சந்த் இருவரையும் மாறி மாறிப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "எங்க ஊர்ல இப்படி ஒரு தெரு கிடையாதுய்யா. வீட்டுக்காரர் தன் தண்ணியைத் தானே குறைச்சுச் சொல்றாரு. எதிர்வீட்டுக்காரர் அதுக்காகச் சண்டைக்கு நிக்கிறாரு! இவ்வளவு பாசமா பேசுறீங்களே போராஜி!"

"என் தண்ணிக்கு நான் பேசாம வேற யாரு பேசுவா?" என்றார் போரா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. போட்டவள், உதவிக்கு வந்திருந்த துர்கா.

கேவல்சந்த் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ உங்க தண்ணி எங்கே ரங்காஜி? நேத்து மழை பெய்யலையா?"

"பெஞ்சுது."

"தொட்டி காலியா?"

"முழங்கால் அளவு இருக்கு."

"அப்புறம் என்ன?"

ரங்காஜி எழுந்தார். பூணூலிலிருந்து சாவியை எடுத்தார். முற்றத்துக்குப் போய்ப் பூட்டைத் திறந்து ஒரு டம்ளர் மொண்டுகொண்டு வந்து, இரண்டு கையாலும் நீட்டினார். கதவுக்குப் பின்னால் சரிதா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கேவல்சந்த் ஊற்றினார். புரட்டினார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

"பாசிப்பருப்பு" என்றார். "மிளகு. அரைச்சதில்ல, உடைச்சது. அப்பளக்காரம் கைதவறிக் கொஞ்சம் கூட. பெருங்காயம் நல்ல பெருங்காயம்." இன்னும் ஒரு மடக்கு. "ஒரே கை பிசைஞ்சது இல்ல. மூணு கை... நாலு."

"நாலுதான்" என்றார் ரங்காஜி, தன்னையறியாமல் மரியாதையோடு.

கேவல்சந்த் கண்ணைத் திறந்தார். முகம் சிவந்திருந்தது. "மழை நேரத்துல மாடியில அப்பளமா? வீட்டுல ஆளே இல்லையா?"

"நான் இருந்தேன்." சரிதா கதவைத் தாண்டி வந்து நின்றாள். "அம்மா எடுத்து வைக்கச் சொன்னாங்க. மறந்துட்டேன். போன்ல இருந்தேன். அப்பா மேல தப்பு இல்ல."

"வானத்துலேர்ந்து தண்ணி விழறது தெரியாம அப்படி யாரு கூடம்மா பேச்சு?"

சரிதா தரையைப் பார்த்தாள். நவ்ரதன் ஜமுக்காளத்தில் ஒரு பூவை எண்ணி முடித்து அடுத்த பூவுக்குப் போனான்.

கேவல்சந்த் தலைப்பாகையைச் சரிசெய்தார். "நவ்ரதன், எழுந்திரு. தண்ணியைப் பார்க்கத் தெரியாத பொண்ணு நம்ம வீட்டுக்கு..."

"கொஞ்சம் இருங்க." சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றாள். முக்காடு மூக்குவரை இருந்தது; குரலுக்கு முக்காடு இல்லை. "நேத்து மூணே கால் மணிக்கு நம்ம வீட்டுத் தக்கையை எடுக்காம யாரு போன்ல இருந்தானோ, அவனையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்புங்க."

கேவல்சந்த் மிக மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"மின்வாரியத்துலேர்ந்து அவசரப் போன்னு சொன்னியேடா!"

"அவசரம்தான்ப்பா" என்றான் நவ்ரதன்.

காலையிலிருந்து இருந்த கடுகடுப்பின் காரணம் அப்போதுதான் வெளியே வந்தது. கேவல்சந்த் பொத்தென்று உட்கார்ந்தார். "வருஷத்தோட முதல் மழை ரங்காஜி. நான் கடையில மாட்டிக்கிட்டேன். இவனை நம்பி விட்டேன். ஒரு சொட்டு உள்ள போகல. அத்தனையும் தெருவுல போச்சு."

ரங்காஜியின் முகம் வெளிறியது. "அத்தனையுமா?"

"அத்தனையும். எருமை நின்னு குடிக்குது. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

ரங்காஜி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். போராவும் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்களுது கெட்டுப்போச்சு" என்றார் ரங்காஜி கடைசியில். "ஆனா உள்ளதான் இருக்கு."

கேவல்சந்த் அதை யோசித்தார். உப்பு மூட்டையை எடை போடுவதுபோல இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். "ஆமா" என்றார். "உங்க பொண்ணு பேசினதுல தண்ணி உள்ள வந்துச்சு, கூட அப்பளமும் வந்துச்சு. என் பையன் பேசினதுல வந்த தண்ணியும் வெளிய போச்சு." மீசையைத் தடவினார். "கணக்குப் பார்த்தா உங்க பொண்ணு தேவலை."

"அதைத்தான் நாங்க அரை மணி நேரம் முன்னாடியே பேசி முடிச்சுட்டோம்" என்றாள் அவர் மனைவி. அவள் கையில் ஏற்கெனவே தேங்காயும் வெல்லமும் இருந்தன. "அந்தத் தண்ணி இன்னொரு டம்ளர் இருந்தா கொடுங்க. பஸ்ல வந்ததுல வயிறு உப்புசம், நேத்து மொண்டு அடுப்படியில வச்சிருந்ததுல அரை டம்ளர் குடிச்சேன், சரியாப் போச்சு."

அப்பளத் தண்ணீர் இரண்டு நாள் தாங்கியது. நாலு வீட்டிலும் அதில்தான் மோர்க்குழம்பு. போரா ஒரு வாளியோடு வந்து, "என் பங்கு அப்பளத்தை வாங்க வந்தேன்" என்று மொண்டுகொண்டு போனார். மூன்றாம் நாள் தொட்டி நுரைத்துப் பேச ஆரம்பித்தது. மிச்சம் வேப்பமரத்துக்குப் போனது. மரத்தடியில் ஒரு வாரம் மாடுகள் நகரவே இல்லை.

ரங்காஜி தொட்டியை மூன்று முறை தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு பூசினார். இப்போது மாடிக்கு அதிகாரபூர்வமாக நேரம் ஒதுக்கியாகிவிட்டது. கவராவே கரியால் கதவில் எழுதியிருக்கிறாள்: பத்து முதல் நாலு அப்பளம், மற்ற நேரம் மழை. தக்கை அவள் பொறுப்பில் போய்விட்டது. தொட்டிச் சாவி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. சரிதாவின் கல்யாணத்துக்குக் கவுண்டரை மூன்றாம் முறை மூடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆடி மாதத்தில் நல்ல மழை பெய்தது. இந்த முறை ரங்காஜி மேட்தா ரோட்டைத் தாண்டி ஜோத்பூர்வரையே போய், திரும்பி பீகானேர் வந்து, அதன் பிறகுதான் தக்கையை எடுக்கச் சொன்னார். தொட்டி கழுத்துவரை நிறைந்தது. மறுநாள் டீ நேரத்தில் போரா தன் வீட்டுத் தண்ணீர் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். ரங்காஜி குடித்தார்.

"புறா" என்றார்.

போரா, ரங்காஜியின் புதுத்தண்ணீரை எடுத்து, உயர்த்தி ஊற்றி, கண்ணை மூடி, வாயில் புரட்டினார். அவசரமே படவில்லை.

"சொல்லுங்க" என்றார் ரங்காஜி. "மூணு தடவை கழுவியிருக்கேன்."

"தெரியுது, தெரியுது" என்றார் போரா. "தொட்டுக்க மட்டும் ஏதாவது இருந்தா கொடுங்க."